அன்பின் பெயரால் ஒரு கையெழுத்து

தண்டனையையும் தடையையும் வரியையும் வழக்கையும் பற்றியே பேசப் பழகிய நமது சட்ட நூல்களுக்குள் அன்பு என்பது நுழைந்து, ஒரு காரியத்தைச் செய்யலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் அதிகாரத்தையும் பெற்றிருப்பது மிக அபூர்வம். அத்தகைய அபூர்வமான இடங்களுள் ஒன்று 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவு. கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தோர் போன்ற நெருங்கிய உறவினர் அல்லாத ஒருவர், உயிரோடிருக்கும்போதே தம் சிறுநீரகத்தை மற்றொருவருக்குத் தர முன்வந்தால், பெறுபவரிடம் தமக்குள்ள அன்போ பற்றோ அல்லது வேறு விசேஷ காரணமோ தம்மைத் தூண்டியது என்று அங்கீகாரக் குழுவின் முன் நிரூபித்து, அதன் அனுமதியைப் பெற்ற பிறகே தரலாம் என்று அந்தப் பிரிவு விதிக்கிறது. பணத்துக்காகக் கொடுத்தால் குற்றம். அன்பினால் கொடுத்தால் அனுமதி உண்டு.

இந்த ஏற்பாட்டில் உயர்ந்த நோக்கம் ஒன்று இருந்ததை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும். இரத்த உறவைத் தவிர வேறு உறவே இல்லை என்று சட்டம் கண்ணை மூடிக்கொண்டிருந்தால், இளமை முதல் ஒன்றாக வளர்ந்த நண்பனுக்காக உறுப்பைத் தர நினைக்கும் ஒருவனும், பிள்ளையில்லாத முதியவளைத் தாயாகப் பேணிய அண்டை வீட்டுப் பெண்ணும் வாசலிலேயே தடுக்கப்பட்டிருப்பார்கள். பொது விதியை வகுத்த கையோடு, அந்த விதி எதிர்பாராத மனிதனுக்காகக் கதவைச் சற்றே திறந்து வைத்த மனப்பான்மை, சென்ற நூற்றாண்டின் கிறிஸ்தவ அறவியலில் பெரும் விவாதத்தைக் கிளப்பிய ஒரு சித்தாந்தத்துக்கு மிக அண்மையில் நிற்பது. சட்டங்கள் எத்தனை இருந்தாலும் இறுதியில் கட்டுப்படுத்தும் கட்டளை அன்பு ஒன்றே என்றும், அந்த அன்பு இன்ன சந்தர்ப்பத்தில் என்ன கேட்கிறது என்பதை அந்தச் சந்தர்ப்பமே சொல்லும் என்றும் சந்தர்ப்ப அறநெறி எனப்பட்ட அந்தச் சித்தாந்தம் போதித்தது. அதை எழுதியவர்கள் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இருந்து எழுதினார்கள். வடசென்னையின் எர்ணாவூரில் நின்று அதைப் படித்தால் என்ன தெரிகிறது என்பதையே இங்கே சொல்ல விரும்புகிறேன்.

2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. அன்று காலை கடல் ஏறிவந்து வடசென்னைக் குப்பங்களைக் குலைத்துப் போட்டபோது வீடிழந்த மீனவக் குடும்பங்களில் பல, முதலில் திருவொற்றியூரின் கார்கில் நகரில் தற்காலிகக் குடில்களில் வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு மழையில் அந்தத் தாழ்ந்த நிலத்தை வெள்ளம் சூழ்ந்தது. பிறகு எர்ணாவூரில் வரிசை வரிசையாக எழுப்பப்பட்ட சிறு வீடுகளுக்கு அவர்கள் பெயர்க்கப்பட்டார்கள். காசிமேட்டுத் துறைமுகத்தில் விடியுமுன் ஏலத்தில் கூடை எடுத்து, வெயில் ஏறுவதற்குள் தெருத்தெருவாகக் கூவி விற்று, அந்தக் காசில் அன்றைய உலையை ஏற்றிக்கொண்டிருந்த பெண்களுக்கு, வீடு பல மைல் வடக்கே நகர்ந்துபோனது வெறும் முகவரி மாற்றமாக இருக்கவில்லை; வண்டிக் கூலியிலேயே லாபம் கரைந்தது, பலருக்குத் தொழிலே நின்றது. படகும் வலையும் போன ஆண்களுக்கு அன்றாடக் கூலி வேலையும் நிச்சயமில்லை. தவறாமல் நாள்தோறும் வாசலுக்கு வந்தவர் கடன் வசூலிக்கும் தண்டல்காரர் ஒருவரே.

2007ஆம் ஆண்டு ஜனவரியில், அந்தச் சுனாமிக் குடியிருப்பின் பெண்கள் பலர் தங்கள் சிறுநீரகங்களை விற்றுவிட்டார்கள் என்ற செய்தி வெளிவந்து நாட்டையும், நாட்டுக்கு அப்பாலும், அதிர வைத்தது. கடனை அடைக்கவும், பெண்ணைக் கட்டிக்கொடுக்கவும், நோயுற்ற கணவனைப் பார்க்கவும் தரகர்களிடம் சம்மதித்ததாகவும், பேசிய தொகை ஒன்று, கைக்கு வந்த தொகை வேறொன்று என்றும் அவர்கள் சொன்னார்கள். வில்லிவாக்கத்துக்கு முன்னரே 'கிட்னிவாக்கம்' என்று பெயர் சூட்டிப் பழகியிருந்த இந்த நகரம், தன் நிலப்படத்தில் இன்னொரு வட்டத்தை வரைந்துகொண்டது. ஆனால் அதிர்ந்தவர்களில் எத்தனை பேர் இதைக் கவனித்தார்களோ தெரியாது: இந்தப் பெண்கள் சட்டத்தை மீறிப் பின்புற வழியாக மட்டும் போனவர்கள் அல்லர், இத்தகைய விற்பனைகளில் பெரும்பகுதி நடப்பது சட்டமே திறந்து வைத்த அன்பின் வாசல் வழியாகத்தான். முன்பின் அறியாத ஒரு நோயாளியைக் காட்டி, இவர் எனக்கு வேண்டியவர், இவர் குடும்பத்தோடு எனக்கு நெடுநாள் பழக்கம், இவர்மேல் உள்ள பாசத்தால் தருகிறேன் என்று தரகர் கற்றுக்கொடுத்த சொற்களைப் பிழையின்றி ஒப்பித்துக் கையெழுத்திட வேண்டும். அத்துடன் காகிதங்கள் பூரணமாகிவிடும்.

அந்தக் கையெழுத்தைப் பொய் என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிடுவது எளிது. என் மனம் அதற்கு ஒப்பவில்லை. பெறுபவர்மேல் அன்பு என்று எழுதியது பொய்தான். ஆனால் அந்தப் பெண்ணை அறுவைக் கட்டிலில் கொண்டுபோய்க் கிடத்தியதும் அன்புதான். பிள்ளைமேல் வைத்த அன்பு, கணவன்மேல் வைத்த அன்பு, தண்டல்காரர் வாசலில் நின்று ஏசும்போது வயதான தாய் தலைகுனியக் கூடாதே என்ற அன்பு. சட்டம் கேட்ட இடத்தில் அது இல்லை. வேறிடத்தில், குழுவின் பார்வை எட்டாத இடத்தில், நிறைய இருந்தது. ஒருவரை வருத்தாத நன்மையைத் தருமானால் பொய்யும் மெய்யின் பக்கம் வைத்து எண்ணப்படும் என்று திருவள்ளுவர் இசைவு தந்தபோது, அந்த நன்மை குற்றமற்றதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தே தந்தார். எர்ணாவூரில் விளைந்த நன்மை குற்றமற்றதா என்று கேட்கும்போதே சந்தர்ப்ப அறநெறியின் பலமும் பலவீனமும் ஒருங்கே வெளிப்படுகின்றன.

அந்த நெறியின் சரித்திரத்தைச் சிறிது பார்ப்போம். ஜோசப் பிளெச்சர் என்னும் அமெரிக்க எபிஸ்கோபல் குரு, இறையியல் பேராசிரியர், 1966ஆம் ஆண்டில் சந்தர்ப்ப அறநெறியைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அதற்கு முன்பே 1963இல் இங்கிலாந்தின் உல்விச் பிஷப் ஜான் ராபின்சன் இதே திசையில் எழுதிப் பெரும் புயலை எழுப்பியிருந்தார். ஒழுக்கத்தைப் பற்றி மூன்று பாதைகள் உண்டு என்றார் பிளெச்சர்: விதி நூலைத் திறந்து விடை தேடும் சட்டவாதம் ஒன்று, எந்த நெறியும் வேண்டாம், அந்தந்தக் கணத்தின் உந்துதலே போதும் என்னும் நெறியின்மை மற்றொன்று, முன்னோர் தந்த விதிகளை மரியாதையோடு கையில் வைத்துக்கொண்டு, அன்பு கோரும்போது அவற்றைத் தள்ளி வைக்கவும் துணியும் நடுவழி மூன்றாவது. அவர் சொன்ன அன்பு கிரேக்க மொழியில் அகாப்பே எனப்படுவது. மனம் உருகும் உணர்ச்சியை அவர் அன்பென்று கொள்ளவில்லை. நமக்குப் பிடித்தவனோ பிடிக்காதவனோ, அயலானின் நன்மையை நாடும் சித்தத்தின் உறுதியையே அவர் அவ்வாறு அழைத்தார். ஓய்வுநாள் மனிதனுக்காக உண்டானதேயன்றி மனிதன் ஓய்வுநாளுக்காக உண்டாகவில்லை என்ற இயேசுவின் போதனையும், பசித்த தாவீது ஆலயத்தின் அப்பத்தை உண்ட கதையும் அவருக்கு ஆதாரங்கள். நம் நாட்டிலும் சாந்தி பருவத்தின் ஆபத்தர்மத்தைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, பஞ்சத்தில் விசுவாமித்திரர் எதை உண்ணத் துணிந்தார் என்பதை அறிந்தவர்களுக்கு, இது முற்றிலும் அந்நியமான சிந்தனையாகத் தோன்றாது.

திருச்சபையின் தலைமை இதை எளிதாக விடவில்லை. பிளெச்சரின் நூல் வருவதற்கு முன்னரே, 1952இல் போப் பன்னிரண்டாம் பயஸ் இந்தப் போக்கைக் கண்டித்தார். 1956இல் ரோமாபுரியின் திருப்பீடம் இதைக் குருமடங்களில் போதிக்கலாகாது என்று தடுத்தது. ஸ்காட்லாந்தின் வில்லியம் பார்க்லே, பிளெச்சர் எடுத்துக்காட்டும் நிகழ்ச்சிகளெல்லாம் மனித வாழ்வில் ஆயிரத்தில் ஒன்றாக வரும் விபரீதங்கள் என்றும், விபரீதத்தை வைத்து அன்றாட வாழ்வுக்கு நெறி வகுக்கலாகாது என்றும் மறுத்தார். அந்த மறுப்பு ஸ்காட்லாந்துக்குப் பொருந்தலாம். எண்ணூருக்கும் எர்ணாவூருக்கும் பொருந்தாது. இங்கே விபரீதமே அன்றாடம். 2023 டிசம்பர் மாதத் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு கொசஸ்தலையாற்று முகத்துவாரத்தில் பரவியபோது அதை வாளியாலும் கையாலும் அள்ளிய மீனவர்கள், அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவில் உரத் தொழிற்சாலையின் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்ததும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு இருளில் ஓடினார்கள். இந்தக் கரையில் வாழ்பவனுக்கு எது சாதாரணம், எது விதிவிலக்கு என்பதை நூலில் பார்த்துச் சொல்ல இயலாது.

அன்பு விதியைத் திறக்கலாம் என்பதை நான் மறுக்கவில்லை. உறுப்பு தானம் என்ற புண்ணியமே அப்படித் திறந்த ஒரு கதவின் வழியாக வந்ததுதான். உடலின் ஓர் அங்கத்தை அறுப்பது, அந்த உடல் முழுமையின் நன்மைக்காக அன்றி வேறெதற்கும் ஆகாது என்று தாமஸ் அக்வினாஸ் காலம் முதல் கத்தோலிக்க அறவியல் போதித்து வந்தது. அழுகிய விரலை வெட்டலாம். ஆரோக்கியமான சிறுநீரகத்தை இன்னொருவனுக்காக எடுக்க அந்த நியாயத்தில் இடமில்லை. 1954 டிசம்பரில் பாஸ்டனில் இரட்டைச் சகோதரர்களில் ஒருவரின் சிறுநீரகம் மற்றவருக்குப் பொருத்தப்பட்டு வெற்றி கண்டபோது, அந்தப் பழைய விதி ஒரு சகோதரனின் அன்புக்கு முன் நின்றது. ஏற்கெனவே 1944இல் பெர்ட் கன்னிங்ஹாம் என்னும் குரு, அயலானின் நன்மைக்காக இத்தகைய தியாகம் செய்யலாம் என்று தம் ஆராய்ச்சியில் வாதித்திருந்தார். ஜெரால்டு கெல்லி என்னும் இயேசு சபைக் குருவும் அவ்வழியே சென்றார். காலப்போக்கில் திருச்சபையும் அதை ஏற்று, 2000ஆம் ஆண்டு ஆகஸ்டில் இரண்டாம் ஜான் பால், உறுப்பு தானத்தை அன்பின் செயல் என்று போற்றி, உறுப்பை வியாபாரப் பொருளாக்குவதைத் திட்டமாகக் கண்டித்தார். நம் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் 1971இல் இந்தியாவின் முதல் வெற்றிகரமான சிறுநீரக மாற்று நடந்தது. விதி அன்புக்கு வழிவிட்டதால் பிழைத்த உயிர்கள் எத்தனையோ.

ஆகையால் சட்டவாதிகள் சொல்வதுபோல் விதியை இறுக்கிவிட்டால் எல்லாம் சரியாகும் என்று நான் நம்பவில்லை. என் கவலை வேறு. பிளெச்சரின் நூல் முடிவில் ஒரு கதை வருகிறது. இரண்டாம் உலக யுத்தத்தின் முடிவில் ஒரு ஜெர்மானியத் தாய், பிள்ளைகளுக்கு உணவு தேடப் போன இடத்தில் சோவியத் படையினரிடம் சிக்கி உக்ரைனில் ஒரு சிறை முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டாள். யுத்தக் கைதியாயிருந்து திரும்பிய கணவன் பிள்ளைகளைத் தேடிச் சேர்த்து, அவளைத் தேடிக்கொண்டிருந்தான். முகாம் கைதியை இரண்டே காரணங்களுக்காக விடுவிக்கும்: முகாமில் சிகிச்சை தர இயலாத நோய், அல்லது கருவுறுதல். அவள் இரக்கமுள்ள ஒரு காவலனிடம் தன்னைக் கருவுறச் செய்யுமாறு கேட்டு, விடுதலையாகி, வீடு சேர்ந்தாள். குடும்பம் அவளையும் பிறந்த குழந்தையையும் நெஞ்சார ஏற்றுக்கொண்டது. அவள் செய்தது சரியா, தவறா? இதுதான் பிளெச்சர் நம்முன் வைக்கும் வினா.

இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு எர்ணாவூர் நினைவுக்கு வருகிறது. அங்கேயும் ஒரு தாய், தன்னிடம் எஞ்சிய ஒரே செல்வமான உடலைக் கொடுத்து, பிள்ளைகளிடம் திரும்பி வர வழி தேடினாள். அவளை நான் குற்றஞ்சாட்ட மாட்டேன். அந்த ஜெர்மானியத் தாயையும் மாட்டேன். ஆனால் பிளெச்சரின் வினாவில் அந்த முகாம் எங்கே போயிற்று? கருவுற்றவளை விடுவிப்பேன் என்று விதி செய்தவர் யார், அவரிடம் அன்பு என்ன கேட்கிறது என்ற வினாவை அவர் எழுப்பவே இல்லை. சந்தர்ப்பம் என்பது மலையைப்போல், மழையைப்போல், யாரும் உண்டாக்காமல் தானே வந்து நிற்பதாக வைத்துக்கொண்டு, அதற்குள் மாட்டிக்கொண்டவளின் மனச்சாட்சியை மட்டும் தராசில் வைக்கிறார். அவருடைய நெறியில் எனக்கு உள்ள பெரிய குறை இதுவே. அன்பை ஒரே அளவுகோலாகக் கொண்டது குறையன்று. அதை அளக்கும் இடத்தை மிகச் சிறியதாக்கிவிட்டார்.

சென்னையில் இந்தக் குறை தத்துவமாக நிற்கவில்லை, நடைமுறையாயிற்று. எண்பதுகளிலும் தொண்ணூறுகளின் முற்பகுதியிலும், உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் வருவதற்கு முன், நோயாளியைச் சாக விடுவதா, சிறுநீரகத்தை விலைகொடுத்து வாங்குவதா என்ற இரண்டே வழிகள்தான் உண்டு என்று இந்நகரத்து மருத்துவர்கள் சிலர் வெளிப்படையாகவே வாதித்தார்கள். அவர்கள் எல்லோரையும் பணத்தாசை பிடித்தவர்கள் என்று சொல்ல நான் துணியமாட்டேன். கண்ணெதிரே மடியும் நோயாளிமேல் இரக்கங்கொண்டவர்களும் அவர்களுள் இருந்திருப்பார்கள். நோயாளிக்கு உயிர், ஏழைக்குப் பணம், இருவருக்கும் லாபம் என்று அந்த வாதம் முடியும். அறுவை அறைக்குள் மட்டும் நின்று பார்த்தால் அதை மறுப்பது கடினம்.

அறைக்கு வெளியே வந்து பார்த்தவர்கள் கண்டதோ வேறு. 2001இல் சென்னையில், சிறுநீரகத்தை விற்ற 305 பேரைத் தேடிக் கண்டு வினவிய ஆய்வாளர்களின் அறிக்கை, அடுத்த ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் சஞ்சிகையில் வெளியாயிற்று. விற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நூற்றுக்கு 96 பேர் கடனை அடைக்கவே விற்றார்கள். சராசரியாகக் கிடைத்தது 1,070 டாலர் அளவிலான தொகை. அறுவைக்குப் பின் குடும்ப வருமானம் சராசரியாக மூன்றில் ஒரு பங்கு குறைந்திருந்தது. ஆண்டுகள் கடந்த பின்னும் நால்வரில் மூவர் கடனிலேயே இருந்தார்கள். உடல்நலம் குன்றியது என்றவர்கள் நூற்றுக்கு 86 பேர். என்னைப்போல் நீயும் செய் என்று பிறருக்குச் சொல்லமாட்டோம் என்றவர்கள் நூற்றுக்கு 79 பேர். இதே நகரத்தின் சேரிகளில் அத்தகைய பெண்களோடு பேசிப் பழகிய மானிடவியலாளர் லாரன்ஸ் கோஹன், இன்னும் ஆழமான ஒன்றைக் கண்டு 1999இல் எழுதினார்: கிட்னி விற்பனை பரவிய வட்டாரங்களில், வட்டிக்காரர்கள் அந்த உறுப்பையே ஈடாகக் கருதிக் கடன் கொடுப்பதும் கடுமையாக வசூலிப்பதும் வழக்கமாயின. முதற்பெண் கடனால் விற்றாள். அவள் விற்றதனாலேயே அடுத்த வீட்டுப் பெண்ணின் கடன் அதிகம் நெருக்கப்பட்டது. இருவருக்கும் லாபம் என்று கணக்கு எழுதியவர்கள் அந்த மூன்றாமவளைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

அறுவை அறையில் தாதியர் நால்வரும் மருத்துவர் மூவரும் இருக்கக்கூடும். ஆனால் உண்மையான சந்தர்ப்பத்தில் தண்டல்காரர் இருக்கிறார், தரகர் இருக்கிறார், மீன் ஏலத்திலிருந்து பல மைல் தள்ளி வீடு கட்டிக் கொடுத்த அதிகாரி இருக்கிறார், கந்துவட்டித் தடைச் சட்டத்தை 2003இலேயே இயற்றிவிட்டு அதை நடைமுறைப்படுத்தச் சோம்பிய நிர்வாகம் இருக்கிறது, தன் கழிவையும் சாம்பலையும் வடக்கே கொட்டிவிட்டுத் தெற்கே உறங்கும் நகரமும் இருக்கிறது. இவர்கள் அனைவரிடமும் அன்பு ஏதோ ஒன்றைக் கேட்டிருக்க வேண்டும். ஆனால் கேட்கப்பட்டவள் ஒருத்திதான். இயேசு சொன்ன நல்ல சமாரியன் உவமையை நினைத்துப் பாருங்கள். எரிகோ வழியில் குற்றுயிராய்க் கிடந்தவனிடம் அந்த உவமை எதையும் கேட்கவில்லை. எண்ணெயும் திராட்சரசமும் வாகனமும் பணமும் வைத்திருந்த வழிப்போக்கனிடமே கேட்கிறது; கண்டும் காணாமல் போன ஆசாரியனையும் லேவியனையுமே குற்றஞ்சாட்டுகிறது. அடிபட்டுக் கிடப்பவனிடம் போய், உன் அன்பை நிரூபி என்று கேட்கும் அறவியலை அந்த உவமையிலிருந்து எவரும் பெற முடியாது.

நம் இலக்கியமும் இதைத்தான் சொல்கிறது. அன்புடையார் தம் எலும்பையும் பிறர்க்கு உரியதாக்குவர் என்ற வள்ளுவரின் கருத்துக்கு உரை வகுத்த பரிமேலழகர், புறாவின் பொருட்டுத் தராசில் ஏறிய மன்னனை எடுத்துக்காட்டினார். சிபியின் கதையில் சதையை அறுத்துக் கொடுப்பவன் அரசன். அடைக்கலம் புகுந்தது ஒரு சிறு பறவை. புறாவின் சதையை அறுத்துப் பருந்தின் பசியை ஆற்றி, அரசன் அரியணையிலேயே அமர்ந்திருந்தான் என்று யாரேனும் கதையை மாற்றினால் அதை அறக்கதை என்று எந்தக் குழந்தையும் ஏற்காது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னை மூழ்கியபோது, யாருடைய ஆணைக்கும் காத்திராமல் தம் படகுகளை லாரிகளில் ஏற்றிக்கொண்டு நகரத்தின் தெருக்களுக்கு வந்து, தம்மை ஒருநாளும் திரும்பிப் பாராத மக்களைக் கரைசேர்த்த மீனவர்களை நாம் பார்த்தோம். இந்தக் கரையின் மக்களுக்கு அன்பைக் கற்பிக்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

சட்டத்தின் கடுமையும் அதே ஒருத்திமேல்தான் விழுகிறது என்பதையும் சொல்ல வேண்டும். 1994 சட்டத்தின் பத்தொன்பதாம் பிரிவு, உறுப்புக்காகப் பணம் கொடுப்பவரையும் வாங்குபவரையும் ஒரே தட்டில் வைக்கிறது. 2011ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் தண்டனை ஐந்து முதல் பத்து ஆண்டுச் சிறையாகவும், அபராதம் இருபது லட்சம் முதல் ஒரு கோடி வரையாகவும் உயர்ந்தது. ஏமாற்றப்பட்டேன் என்று வெளியே வந்து சொல்லும் பெண், சொல்லிய அக்கணமே தன் குற்றத்தையும் ஒப்புக்கொண்டவளாகிறாள். இதைவிடத் தரகருக்குச் சாதகமான ஏற்பாடு வேறென்ன இருக்க முடியும்? தமிழ்நாட்டிலிருந்து சென்ற குல்தீப் சிங் வழக்கில் 2005ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம், அன்பு என்று சொல்லப்படுவது மெய்யானதா, பின்னால் பணம் நிற்கிறதா என்று குழு ஆராய்ந்தறிய வேண்டும் என்பதை வலியுறுத்தியது. அதற்குப் பின்தான் எர்ணாவூர் வெளிப்பட்டது. 2014இல் விதிகள் மேலும் விரிவாக வகுக்கப்பட்டன. அதற்கும் பின், 2025ஆம் ஆண்டு ஜூலையில், நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்து விசைத்தறித் தொழிலாளர்களிடம் அதே வியாபாரம் நடப்பது அம்பலமாகி, உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை சிறப்புப் புலனாய்வுக்கு உத்தரவிடும்படி ஆயிற்று. கடலோரத்துப் பெண்ணுக்குப் பதில் தறியோரத்துத் தொழிலாளி. இரு இடத்திலும் வாசலில் நின்றது கடன்.

பிளெச்சருக்கு நியாயம் செய்ய வேண்டுமானால், அவருடைய நூலிலேயே இதற்கு மருந்து இருந்ததையும் குறிப்பிட வேண்டும். அன்பும் நீதியும் வெவ்வேறல்ல, பலருக்கும் பகிர்ந்தளிக்கப்படும்போது அன்பே நீதியாகிறது என்பது அவருடைய ஆறு கோட்பாடுகளில் ஒன்று. அதை அவர் எழுதினார். ஆனால் எடுத்துக்காட்டுகளுக்கு வந்தபோது, தனியொருவரின் தவிப்பு நிறைந்த கணத்துக்கே திரும்பினார். அவர் விட்ட இடத்திலிருந்து தொடர வேண்டியவர்கள் நாம்.

தொடர்வது இயலாத காரியமுமன்று. வடசென்னையில் இன்றும் முதியவர்கள் ஸ்டான்லி மருத்துவமனையைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். 1782இல் பஞ்சத்தால் வாடியவர்களுக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்தில், 1799இல் ஒரு சிறு மருத்துவமனை தோன்றி, அதுவே வளர்ந்து இன்றைய பெரும் அரசு மருத்துவமனையாயிற்று. ஒரு பஞ்ச காலத்து இரக்கம், அந்தக் கணத்தோடு அடங்காமல், கட்டடமாகவும் சம்பளமாகவும் படுக்கையாகவும் உருக்கொண்டு இருநூறு ஆண்டுகளைக் கடந்தும் ஏழையிடம் காசு கேட்காமல் நிற்கிறது. எர்ணாவூரின் அவமானத்துக்குப் பின் தமிழகம் செய்த மிகச் சிறந்த காரியமும் அவ்வகையானதே: மூளைச்சாவு அடைந்தவர்களின் உறுப்புகளை, வரிசை முறைப்படி, பணக்காரன் ஏழை என்ற வேறுபாடு புகாதபடி வழங்கும் திட்டத்தை 2008இல் அரசு வகுத்தது. அவ்வாண்டு செப்டம்பரில், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தம் இளம் மகனின் உறுப்புகளைக் கொடுத்த ஒரு மருத்துவத் தம்பதியரின் பெருந்தன்மை மாநிலத்தையே நெகிழச் செய்தது. 2023 முதல் உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை அளிக்கப்படுகிறது. இறந்தவரிடமிருந்து பெறும் தானம் பெருகப் பெருக, உயிரோடிருக்கும் ஏழையின் உடல்மேல் விழும் பார்வை குறையும்.

எஞ்சியிருக்கும் வேலையில் சட்டத்தைத் திருத்துவது முதலாவது. வறுமையால் விற்றவரைக் குற்றவாளியாக அல்லாமல் சாட்சியாக வைத்து, வாங்கியவரையும் தரகரையும் அறுத்தவரையும் மட்டும் தண்டிக்கும்படி பத்தொன்பதாம் பிரிவை மாற்றுவதற்கு நாடாளுமன்றத்துக்கு எந்தத் தடையும் இல்லை. அங்கீகாரக் குழுவினர், முன்னே நிற்கும் பெண்ணின் வருமானத்தை வினவுவதோடு அமையாமல், யாரிடம் எவ்வளவு கடன், என்ன வட்டி, யார் வந்து மிரட்டுகிறார்கள் என்பதையும், தரகரும் உறவினரும் இல்லாத தனியறையில், அவள் பேசும் தமிழிலேயே கேட்க வேண்டும். கேட்டபின் விண்ணப்பத்தை நிராகரித்துக் கையைக் கழுவிவிடாமல், அந்தக் கடனை ஆட்சியரின் பார்வைக்கு அனுப்பி, கந்துவட்டிச் சட்டத்தின்படி நடவடிக்கை எடுக்கச் செய்ய வேண்டும். அனுமதி மறுக்கப்பட்டு அதே தண்டல்காரரிடம் திரும்பிப் போகும் பெண்ணை, இன்னொரு தரகர் இன்னொரு ஊருக்கு அழைத்துச் செல்வார்.

கிறிஸ்தவ சபைகளுக்கும் இதில் தனிப்பொறுப்பு உண்டு. அன்பே முதற்கட்டளை என்று வாரந்தோறும் அறிக்கை செய்பவர்கள் அவர்கள். மீனவரான ராயப்பரின், அதாவது பேதுருவின், பெயரைத் தாங்கிய இராயபுரத்தில், படகோட்டிகள் எழுப்பிய புனித பேதுரு ஆலயம் தொடங்கி, எண்ணூர் வரை கடலோரமாகக் கோயில்கள் நெடுக நிற்கின்றன. அவற்றின் குருமாரும் போதகரும் தம் மக்களில் யார் எந்த நோயால் படுத்திருக்கிறார்கள் என்பதை அறிவார்கள். யார் எந்தக் கடனில் இருக்கிறார்கள் என்பதை அறிய அவர்கள் முயல வேண்டும். ஒவ்வொரு பங்கிலும், மதம் கேளாமல், மீன்கூடை எடுக்கும் பெண்ணுக்கு அன்றைய ஏலத்துக்கு வேண்டிய முதலை வட்டியின்றி விடியற்காலையில் கொடுத்து, மாலையில் திரும்பப் பெறும் ஒரு சிறு நிதி இருக்குமானால், தண்டல்காரரின் நோட்டுப் புத்தகத்தில் பல பக்கங்கள் எழுதப்படாமலே போகும். அதற்குப் பெருந்தொகை வேண்டியதில்லை. ஒவ்வொரு ஆண்டும் திருவிழா விளக்கு அலங்காரத்துக்குச் செலவாகும் தொகையில் ஒரு பங்கு, தொடக்கத்துக்குப் போதும்.